பலூன் பார்த்த காலை, கவுரா போன மதியம்

ஆஸ்திரேலியாவின் கனவுன்ட்ராவில் விடிவதற்கு முன்பே வயலோரம் போய் நின்றுவிட்டோம். வெயில் ஏறினால் காற்று அலைக்கழிக்கும், அதனால்தான் ஆட்களை ஏற்றிச் செல்லும் வெப்பக்காற்று பலூன்கள் இந்நேரத்தில் கிளம்புகின்றன. முதலில் பெரிய விசிறியால் குளிர்ந்த காற்றை நிரப்புகிறார்கள், அப்புறம்தான் நெருப்பு. துவண்டு கிடந்த துணி மெல்லப் புரண்டு எழுந்தது. பர்னர் சீறும்போதெல்லாம் முகத்தில் அனல். மகள் காதைப் பொத்திக்கொண்டே அண்ணாந்து பார்த்தாள்.

ஊருக்குள் மீன் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. 36 கோடி ஆண்டுப் பழைய மீன்கள், ஒரே கல்லில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. தவறவிடவே கூடாது.

மதியம் கவுரா. 1944 ஆகஸ்டில் தப்ப முயன்ற ஜப்பானியப் போர்க்கைதிகள் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த ஊர். இன்று அங்கே ஒரு ஜப்பானியத் தோட்டம். குளக்கரையில் உட்கார்ந்த பின் எழுந்திருக்கவே மனமில்லை.