போனை வாங்கின பிறகு வருகிற அரை மணித்தியாலம்

போன் பார்க்கிற நேரத்தில் என் சின்னவன் தங்கம். அதைக் கையிலிருந்து திருப்பி வாங்கின பிறகு வருகிற அரை மணித்தியால அழுகைதான் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். வயசு நாலுதான், குரல் அப்படி. மேல்மாடி அன்ரி ஒருக்கா "பிள்ளை விழுந்திட்டானோ?" என்று இறங்கி வந்தே கேட்டா.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் அப்பன்" என்று முன்கூட்டியே சொல்லிவை என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாலு வயசுக்காரனுக்கு இரண்டு நிமிடம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? 2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளின் பெற்றோரைக் குறிப்பெழுத வைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த வேளைகளில்தான் குழப்படி கூட. வீடியோ தன்பாட்டில் முடிந்தால் தகராறு குறைவு. அம்மாவோடு மல்லுக்கட்டலாம், முடிந்துபோன கதையோடு யார் மல்லுக்கட்டுவது?

அதனால் யூடியூப் கிட்ஸில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை நிறுத்திவிட்டேன். அதில் டைமரும் இருக்கிறது, நேரம் முடிந்தால் அதுவே பூட்டிக்கொள்ளும். கதை முடிகிற நேரம் பக்கத்தில் குந்தி, "யானைக்குட்டி ஏன் ஓடினது?" என்று கேட்பேன். கதை சொல்லத் தொடங்கினானென்றால் போன் தானாகக் கைமாறும். சில நாள் மாறாது.

அழுகை வந்துவிட்டால் பேச்சு வேண்டாம். "நல்ல பிள்ளையெல்லோ" எல்லாம் அந்த நேரம் காதில் ஏறாது. உடம்புக்குத்தான் வேலை கொடுக்க வேணும். எங்கள் வீட்டில் அது ரொட்டி மா. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, இளஞ்சூட்டுத் தண்ணீர். சட்டியை நிலத்தில் வைத்துக் குழைக்கத் தொடங்குவேன், அவனைக் கூப்பிடமாட்டேன். விக்கி விக்கி அவனே வருவான். முதலில் ஒரு விரலால் குத்திப் பார்ப்பான், பிறகு முஷ்டியால், பிறகு இரண்டு கையாலும். விரலிடுக்கில் ஒட்டின மாவைச் சுரண்டுகிற கவனத்தில் மூக்கு ஒழுகுவதுகூடத் தெரியாது. (அந்த ரொட்டியை நாங்கள் மட்டும்தான் சாப்பிடுகிறோம். விருந்தாளிகளுக்கு வேறு.)

மழையில்லாத பின்னேரமென்றால் கடற்கரையோர மரைன் டிரைவ் வீதி, பக்கத்திலேயே ரயில் பாதை. பாணந்துறைப் பக்கம் போகிற ரயில்களில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களுக்குக் கைகாட்டுவான். யாராவது ஒருவர் திருப்பிக் காட்டினால் போதும், இரவுச் சாப்பாடுவரை அதே கதைதான்.

2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. மழைக்கால ஞாயிற்றுக்கிழமையொன்றில், இரண்டு அறை பிளாட்டில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் படுக்கைக்கு முந்தின ஒரு மணித்தியாலம் திரை கிடையாது, அதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வட்ஸ்அப் வீடியோவில் வருவது இந்தக் கணக்கில் சேருமா என்று இவர் கேட்கிறார். நான் சேர்ப்பதில்லை. அவ கேள்வி கேட்பா, இவன் பதில் சொல்ல வேணும். முடிவையும் அவவே வைப்பா: "சரி ராசா, அடுப்பில கறி கிடக்குது, வைக்கிறன்." அந்தக் கோலுக்குப் பிறகு இவன் ஒருநாளும் அழுததில்லை.