‘அன்றைக்கு எங்கே வெடித்தது?’ – ஐஸ்லாந்துப் பாடத்தை நான் திரும்பப் படித்த கதை

எம்.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு, இயற்கை இடர்கள் தாளுக்கான மாதிரித் தேர்வு. 15 மதிப்பெண் கேள்வி: ‘ஐஸ்லாந்தில் எரிமலைகள் கண்காணிக்கப்படும் முறையை விளக்குக.’ மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன். 1783 லாக்கி, 1963 சர்ட்சி, 1973 ஹெய்மே, 2010இல் ஐரோப்பிய விமானங்களை முடக்கிய எய்யாஃபியாட்லாயோகுட்ல் (இந்தப் பெயரைப் பிழையில்லாமல் எழுதிப் பழகவே ஒரு சாயங்காலம் போனது) என்று வரிசையாக. கடைசி வரி: ‘10 நவம்பர் 2023 அன்று எரிமலை வெடித்ததால் கிரிண்டாவிக் நகரம் காலி செய்யப்பட்டது.’

ஆறு மதிப்பெண். அந்த வரியின் ஓரத்தில் மேடம் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: ‘அன்றைக்கு எங்கே வெடித்தது?’

எங்கேயும் வெடிக்கவில்லை. ஏறத்தாழ 3,800 பேரை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். லாவா (வெளியே வழியும் பாறைக்குழம்பு) தரைக்கு மேல் வந்ததோ ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 18 அன்று. அப்படியானால் எதைப் பார்த்து ஊரைக் காலி செய்தார்கள்? ஜூனியர்கள் இந்தக் கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள். வெடிப்புகளின் பட்டியலை நான் போல உருப்போட வேண்டாம்.

அக்டோபர் கடைசியிலிருந்தே ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் இருக்கும் பகுதியில் தரை உப்பிக்கொண்டு வந்தது. ஜிபிஎஸ் நிலையங்களும் செயற்கைக்கோள் ரேடார் படங்களும் அதைக் காட்டின. நவம்பர் 10 பிற்பகலில் நிலநடுக்கங்கள் கூட்டமாகக் கிளம்பி, ஊரின் அடிப்பகுதியை நோக்கி நகர்ந்தன. அதே வேளையில், உப்பியிருந்த தரை சரசரவென்று இறங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விடை கிடைக்கிறது: அடியில் சேர்ந்த மாக்மா (வெளியே வராத பாறைக்குழம்பு) பாறையைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் ஓடுகிறது. சுமார் 15 கி.மீ. நீளமான அந்தப் பிளவுச் சுவரைத்தான் ‘டைக்’ என்கிறோம். அது மேலே வரலாம், வராமலே உறைந்தும் போகலாம். ஊரின் அடியில் டைக் இருக்கும்போது முடிவுக்காகக் காத்திருக்க முடியாது.

நான் செய்த வேலை இதுதான். ஒரு வெள்ளைத்தாளில் காலக்கோடு போட்டு, மேலே தரையின் உயரம், கீழே நிலநடுக்க எண்ணிக்கை வரைந்தேன். அதற்குப் பின் வந்த வெடிப்புகளையும் அதிலேயே சேர்த்தபோது, உயரக்கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது: வாரக்கணக்கில் ஏறி, சில மணி நேரத்தில் விழுகிறது. முன்பு வெளியேறிய அளவு மாக்மா மறுபடி சேர்ந்ததா என்று கணக்கிட்டுத்தான் ஐஸ்லாந்து வானிலை அலுவலகம் அடுத்த எச்சரிக்கைகளை விட்டது. ஆனால் கடைசி நேர அவகாசம் மிகக் குறைவு. 8 பிப்ரவரி 2024 அன்று நிலநடுக்கக் கூட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் லாவா வந்துவிட்டது.

இந்தத் தாளைப் போட்ட பிறகு மற்ற எரிமலைகள் தானாக மனதில் தங்கின. பார்தார்புங்காவில் 2014 ஆகஸ்டில் நிலநடுக்கங்கள் இரண்டு வாரத்தில் 40 கி.மீ.க்கு மேல் நகர்ந்து, ஹோலுஹ்ரவுனில் வெடிப்பாக முடிந்தன. பனிக்கு அடியில் இருக்கும் எரிமலைவாய் ஏறத்தாழ 65 மீட்டர் தாழ்ந்ததைப் பனியின் மேல் வைத்த ஜிபிஎஸ் அளந்தது. ஹெக்லா நேர் எதிர்; ஒரு மணி நேரம் முன்னறிகுறி கிடைத்தாலே பெரிது. இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

பலர் விட்டுவிடுவது தண்ணீர். பனிக்கு அடியில் எரிமலை இருந்தால் உருகிய நீர் தேங்கி ஒருநாள் உடைத்துக்கொண்டு வரும். 1996இல் வட்னாயோகுட்ல் பனியாற்றுக்கு அடியில் வெடிப்பு தொடங்கியது செப்டம்பர் 30. வெள்ளம் வந்து பாலங்களை அடித்துச் சென்றது நவம்பர் 5. இப்படிப் பனிக்கு அடியிலிருந்து வரும் ஆறுகளில் நீர்மட்டத்தோடு மின்கடத்துதிறனையும் அளக்கிறார்கள். புவிவெப்ப நீர் கலந்தால் அது ஏறும். வானிலை, நிலநடுக்கம், வெள்ளம், பனிச்சரிவு எல்லாம் ஏன் ஒரே அலுவலகத்தின் கையில் என்பதற்கும் இங்கேயே காரணம் கிடைக்கும்: வெடிப்பு வெள்ளமாகிறது, சாம்பல் காற்றோடு போகிறது.

சுற்றுச்சூழல் மாற்றத்துக்கு ஒரு பத்தி போதும். 1930 முதல் தன்னார்வலர்களும் பனியாறுகளின் நுனி பின்வாங்குவதை அளந்து வருகிறார்கள். ஓக் பனியாறு 2014இல் பனியாறு என்ற தகுதியையே இழந்தது. பனி எடை குறைவதால் நிலம் மேலெழுகிறது. இதை வைத்து ‘வெப்பமயமாதலால் எரிமலைகள் வெடிக்கின்றன’ என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: வானிலை அலுவலக இணையதளத்தில் கடந்த 48 மணி நேர நிலநடுக்கங்கள் ஆங்கிலத்திலும் கிடைக்கும். இரண்டு வாரம், தினம் பத்து நிமிடம் பாருங்கள். வழக்கமான அதிர்வு எது, கூட்டம் எது என்று கண் பழகிவிடும்.

இறுதித் தேர்வில் ஐஸ்லாந்து என்ற பெயரே வரவில்லை. பெயரிடாத வரைபடம் ஒன்று: தரை மெல்ல ஏறி, சட்டென்று விழுகிறது, விளக்குக. ‘இதை மட்டும் வைத்து வெடிப்பு நடந்ததென்று சொல்ல முடியாது’ என்று முதல் வரியை எழுதிவிட்டு, பென்சிலை எடுத்து அதன் கீழே நிலநடுக்கத்துக்கு இன்னொரு கோடு வரைந்தேன்.