ஏர்கோன் யார் பொறுப்பு? செந்தூல் வாடகை வீட்டில் நான் பட்ட பாடு

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. அதுதான் கடைசி மாடி, லிஃப்ட் கிடையாது. படுக்கையறைச் சுவர் மேற்கைப் பார்த்தது. மாலை நாலு மணிக்கு அதில் கை வைத்தால் தோசைக்கல் மாதிரி இருக்கும். இரவு பத்து வரைக்கும் சூடு இறங்காது. ஏர்கோன் (ஏசி) இருக்கிறது என்றுதான் மாதம் 1,300 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) அந்த வீட்டை எடுத்தோம். பிள்ளைக்கு ஆறு மாதம், கழுத்தெல்லாம் வேர்க்குரு. அந்த நேரம் பார்த்து அது கைவிட்டது.

முதலில் தண்ணீர் சொட்டியது. ஆள் வந்து ஃபில்டரைக் கழற்றி, வடிகுழாயை ஊதினார். கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு முழ நீளத்துக்குப் பாசி வந்து விழுந்தது. "சர்வீஸ் பண்ணாம விட்டா இப்படித்தான்ணே" என்று 100 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். சரி, நியாயம்தான். அது என் தப்பு.

இரண்டே வாரம். காற்று வருகிறது, குளிரவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே காயில் என்கிற குழாய்ச் சுருள் முழுக்க வெள்ளையாக ஐஸ். அறை வேகிறது, ஏர்கோனுக்குள் பனி! அதே ஆளைக் கூப்பிட்டேன். குளிரூட்டும் கேஸ் குறைந்தால் காயிலில் அழுத்தம் இறங்கும், அது அளவுக்கு மீறிக் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் அதன்மேலேயே உறைந்துவிடும் என்றார். கேஸ் தானாகத் தீராது, எங்கேயோ கசிந்தால்தான் குறையும். சோப்புத் தண்ணீரைத் தடவிவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். துருவேறிய ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி உடைந்தது, திரும்ப ஊதியது. பழைய ஆர்22 கேஸ் மெஷின். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலகம் முழுக்க ஓரங்கட்டி வரும் கேஸ் அது. "180 வெள்ளிக்குக் கேஸ் போடலாம், ரெண்டு மாசத்துல திரும்பப் போயிடும். மெஷினையே மாத்துங்க." அந்த மாதம் தெனாகா மின்சார பில் 96-லிருந்து 171-க்கு ஏறியிருந்தது.

மாற்றலாம், யார் காசில்?

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஜாலான் ஈப்போ தண்டாயுதபாணி கோவிலில் பழக்கமாகி, ஏஜெண்ட் இல்லாமல் கிடைத்த வீடு. நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். சிக்கலே அங்கேதான். சாவி வாங்கிய அன்று, எந்தச் சாமான் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொள்வோமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லை. இப்போது போன் செய்தால், "நான் குடுக்கறப்ப ஜில்லுன்னு இருந்துச்சே தம்பி. பயன்படுத்தறது நீங்கதானே, நீங்களே பாத்துக்குங்க" என்றார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னார், என்ன செய்ய?

லெஸ்டரில் நர்ஸாக இருக்கும் அக்காவிடம் புலம்பினேன். அவள் கதை தலைகீழ். அங்கே குளிர்தான் எதிரி. இங்கிலாந்தில் அவளைப் போலக் குறுகிய கால ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு ஹீட்டரையும் சுடுதண்ணீர் சாதனத்தையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அதைக் குடியிருப்பவர் தலையில் கட்டி ஒப்பந்தம் எழுதினாலும் செல்லாது. எரிவாயு பில் மட்டும் அவள் பாடு. "உங்க ஊர்ல என்னடா சட்டம்?" என்றாள்.

தேடிப் பார்த்தேன். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாக இங்கே பல வருடமாகப் பேச்சு இருக்கிறது. நான் அலைந்த சமயம் வரை அது பேச்சாகவே இருந்தது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம். அதாவது தாளில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டோமோ அதுதான். பத்து மாதம் கழித்து என் நாலு பக்க ஒப்பந்தத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு சர்வீஸ், என் செலவு. நான் செய்திருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பாசி விழுந்த அன்று. 200 வெள்ளிக்குள் சில்லறைப் பழுது என் செலவு. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: "இயல்பான தேய்மானம் நீங்கலாக" பொருள்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். பழசாகித் தேய்வது என் தலையில் வராது; எனக்குப் பிடிமானம் அந்த வரிதான்.

சட்டம் படித்த நண்பன் ஒருவன் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டாம்ப் பண்ணியாச்சா?" இல்லை. முத்திரைத் தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். கையெழுத்துப் போட்ட 30 நாளில் கட்டியிருக்க வேண்டும், கட்ட வேண்டியது வாடகைக்காரன். 2025 முதல் வருட வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கும் போய்விட்டது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250-க்கும் 1 வெள்ளி; என் 15,600-க்கு 63 வெள்ளி வந்தது. தாமத அபராதம் அதைவிடக் கூட. வயிறெரிந்துகொண்டே உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இணையதளத்தில் கட்டி முடித்தேன்.

நானே மெஷின் வாங்கிப் போட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். "அந்த வேலை மட்டும் வேண்டாம்" என்றான். பாக்கி விழுந்தால், 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வீட்டுச் சாமானை ஜப்தி செய்யலாமாம். வழக்கென்று போனால் 5,000 வெள்ளிக்குள் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்கலாம், படிவம் 198 போதும். படிவத்தை அச்செடுத்தும் வைத்தேன். வெள்ளிக்கிழமை கோவிலில் பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் அதை எப்படி நீட்டுவது? மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.

கடைசியில் உதவியது ஒரு ஸ்டிக்கர். வெளியே மாட்டியிருக்கும் பெட்டியின் பக்கவாட்டில், வெயிலில் வெளுத்துப் போய், தயாரித்த ஆண்டு 2011 என்று இருந்தது. அதைப் படமெடுத்தேன். ஏர்கோன்காரரிடம் "காயில் துருப்பிடித்துக் கேஸ் கசிவு" என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். இரண்டையும் வாட்ஸ்ஆப்பில் ஐயாவுக்கு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். மூன்று மாத சர்வீஸை நான் விட்டது உண்மை, தண்ணீர் சொட்டியது அதனால்தான் என்று முதலில் ஒத்துக்கொண்டேன். ஆனால் துரு வயதால் வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "2011-ஆ? பெரியவனுக்கு அப்பக் கல்யாணமே ஆகலையே" என்றார். அதோடு குரல் மாறிவிட்டது.

புது ஒரு குதிரைத்திறன் மெஷின் அவர் செலவு. மாட்டும் கூலியும் குழாயும் 250 வெள்ளி என் செலவு. நான் ஏமாந்துவிட்டேன் என்கிறாள் மனைவி. விட்டுப்போன சர்வீஸ்களை நினைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்த முறை வாய் வந்தது. இனிமேல் சர்வீஸ் யார், பழுது யார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம் ஐயா என்றேன். தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். மெதுவாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "வாடகைகாரர் இல்ல தம்பி, வாடகைக்காரர். ஒற்று விட்டுட்டீங்க" என்று மூன்று இடத்தில் 'க்' போட்டார். அப்புறம் நீலப் பேனாவுக்கு மாறிக் கையெழுத்துப் போட்டார்.