90 போல்ட்டுகள்

விமானப் பராமரிப்பில் மனிதர் ஏன் தவறுகிறார் என்று சொல்லித்தரும் 'மனிதக் காரணிகள்' வகுப்பில் மீண்டும் ஒருமுறை அமர்ந்து வந்தேன். 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்துக்கு நேர்ந்ததைக் கேட்ட இளைஞர் ஒருவர், அதன் முன்கண்ணாடியைப் பொருத்தியவரைப் பற்றி, "அந்த ஆள் கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாமே" என்றார். அந்தச் சொல் என்னை இன்னும் விடவில்லை.

17,300 அடி உயரத்தில் தலைமை விமானியின் பக்கத்து முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. அவர் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட, பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். 87 பேரும் உயிர் பிழைத்தனர். அந்தக் கண்ணாடி, 27 மணி நேரத்துக்கு முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அதைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84, விட்டத்தில் 0.66 மி.மீ. குறைந்தவை, மற்ற ஆறும் நீளம் குறைந்தவை.

அந்த வேலையைச் செய்தவர் அலட்சியக்காரர் அல்லர். இரவு ஷிப்டின் மேலாளரான அவர், ஆள் பற்றாக்குறையால் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டார். அதிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே, உடல் உறக்கத்தையே நாடும் நேரத்தில், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் குறைந்த இடத்திலிருந்த தட்டுகளில் அதற்கு இணையானதைக் கண்ணாலேயே தேடினார். வாசிக்க உதவும் மூக்குக்கண்ணாடியை அவர் அணிந்திருக்கவில்லை. சரியான போல்ட்டின் எண் எது என்பதைப் பாகங்கள் பட்டியல் சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பழைய போல்ட்டே தவறான அளவுடையது என்பதையும், நீளம் குறைந்த அது ஆண்டுக்கணக்கில் கண்ணாடியைத் தாங்கியிருந்தது என்பதையும் நினைக்கும்போது, பழகியதை நம்பும் மனத்தை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

மெல்லிய போல்ட்டின் தலை குழிக்குள் சற்று ஆழமாக அமிழ்ந்திருக்கும். நேராகப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவர் நின்ற மேடையிலிருந்து எட்டி, உடலை வளைத்து முடுக்க வேண்டியிருந்ததால், அவர் கையே அதை மறைத்தது. குறித்த அளவு இறுகியதும் முறுக்குவிசைத் திருப்புளி கையில் தரும் சொடுக்கும், மெல்லிய போல்ட்டின் மரை வழுக்கும் உணர்வும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. முன்கண்ணாடி வெளியிலிருந்து பொருத்தப்படுவது என்பதால், விமானத்தினுள் இருக்கும் காற்றழுத்தத்தின் சுமை முழுவதையும் அந்தப் போல்ட்டுகளே தாங்கவேண்டும். இருந்தும் இன்னொருவர் சரிபார்க்கவேண்டிய வேலைகளின் பட்டியலில் அது இருக்கவில்லை. என் கருத்தில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இதுதான்.

எனக்கு நெருக்கமான பகுதி வேறொன்று. எந்த அளவு போல்ட் வேண்டும் என்பதை உதிரிபாக ஸ்டோரில் இருந்தவர் சரியாகவே சொல்லியிருந்தார். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. கேட்டவர் மேலாளர். இரவுப் பணியில் ஸ்டோர் சன்னலில் நிற்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும். இப்போதெல்லாம், உள்ளே இருப்பவர் எண்ணைச் சொன்னதும், பாகங்கள் பட்டியலை இருவரும் சேர்ந்து பார்க்கும்வரை நான் பெட்டியைக் கையில் வாங்குவதில்லை.