காசாளரின் கட்டைவிரல்

ஜூன் 2, 2024, ஞாயிறு

இன்று முதல் சீட்டு வித்தை பழகத் தொடங்கியிருக்கிறேன். எனக்கு வயது 44. தூத்துக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் 19 ஆண்டுகளாகக் காசாளராக இருக்கிறேன். சென்ற மாதம் உடன் பணியாற்றிய ஒருவரின் ஓய்வு விருந்தில், அவருடைய மருமகன் இலை எடுத்த மேசையிலேயே உட்கார்ந்து, நான் கையெழுத்துப் போட்டுக் கட்டின் நடுவே செருகிய சீட்டை ஒரு விரல் சொடுக்கில் மேலே வரவழைத்தார். என் கைக்கும் அவர் கைக்கும் இடையே ஒரு சாண் தூரம்தான் இருந்தது. மேடையும் விளக்கும் திரையும் இல்லாமல், என் கண்ணெதிரே, என் கையெழுத்தோடு நடந்த அதை நினைத்து அன்றிரவு வெகுநேரம் தூங்காமல் கிடந்தேன். நாள் முழுவதும் பணத்தாள் எண்ணும் விரல்களுக்கு இதுவும் வரக்கூடும் என்று அப்போதுதான் தோன்றியது.

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு இருந்ததே இல்லை. அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, தோணியில் வேலை பார்த்தவர். சரக்குக்காகக் கரையில் காத்திருக்கும் நாட்களில் ரம்மியில் உட்கார்ந்து, கடைசியில் அம்மாவின் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சங்கிலியையும் தோற்றுவிட்டார். இன்று மேசையின்மேல் கட்டைப் பார்த்ததும் அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அதை அலுவலகப் பைக்குள் வைத்துவிட்டேன். இனி மொட்டைமாடியில்தான் பழக வேண்டும்.

ஜூன் 8, 2024, இரண்டாம் சனி

பெட்டிக்கடையில் வாங்கிய கட்டு ஒரே வாரத்தில் கெட்டுவிட்டது. வழவழப்பான மேற்பூச்சு இருந்ததால், இந்த ஊரின் கடற்காற்றுக்கும் என் கைவியர்வைக்கும் சீட்டுகள் நான்கைந்தாக ஒட்டிக்கொண்டன; விசிறிபோல் விரித்தால் திட்டுத்திட்டாக நின்றன. இணையத்தில் வரவழைத்த ‘பைசைக்கிள்’ கட்டு நேற்று வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் 1885 முதல் அச்சாகி வரும் கட்டு இது. உலகெங்கும் வித்தை செய்பவர்கள் கையில் அதிகம் காணப்படுவதும் இதுதான். இதன் மேற்பரப்பு முழுவதும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குழிகள் அழுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் தங்கும் காற்றினால் ஒரு சீட்டு மற்றொன்றின்மேல் வழுக்கிச் செல்கிறது. ஆனாலும் இதுவும் காகிதம்தான். ஓர் இரவு வெளியே கிடந்தால் ஓரங்கள் வளைந்துவிடுகின்றன. பழகி முடித்ததும் பெட்டிக்குள் போட்டு, மேலே கனமான பேரேடு ஒன்றை வைத்துவிடுகிறேன்.

சீட்டின் அகலத்தை அளந்து பார்த்தேன்: 63 மி.மீ. இருந்தது. புதிய 500 ரூபாய்த் தாளின் அகலம் 66 மி.மீ. கட்டை இடக்கையில் ஏந்திய உடனேயே அது பழகிய பொருளாகத் தோன்றியதற்குக் காரணம் அதுதான் போலும்.

நம் கல்யாண வீடுகளில் சீட்டாடுகிறவர்கள் கட்டை ஒரு கையில் பிடித்து, மேலிருந்து சிறுசிறு கொத்தாக உருவி மறு உள்ளங்கையில் விழவைத்துக் கலைப்பார்கள் அல்லவா, அதற்கு ஆங்கில வித்தை நூல்களில் ‘ஹிண்டு ஷஃபிள்’ என்று பெயர். வெளிநாட்டவர் அதைத் தனிப் பாடமாகப் படித்துப் பழகுகிறார்கள். நான் சிறுவயதில் பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்த கைகள் செய்ததும் அதே கலைப்புத்தான்.

ஜூன் 16, 2024, ஞாயிறு

மகளுக்கு 21 சீட்டு வித்தையைச் செய்து காட்டினேன். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறையைக் கழித்த எவருக்கும் இது தெரிந்திருக்கும்: ஏழேழு சீட்டாக மூன்று வரிசை போட்டு, நினைத்த சீட்டு எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்க வேண்டும், இப்படி மூன்று முறை செய்தால் நினைத்த சீட்டு பதினோராவது இடத்தில் வந்து நிற்கும். விரல் வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை பிரித்துப் போடும்போதும் சீட்டு இருக்கக்கூடிய இடங்கள் குறைந்துகொண்டே வந்து, மூன்றாவது முறைக்குப் பிறகு நட்டநடு இடம் ஒன்றுதான் மிஞ்சும்.

சீட்டு சரியாகவே வந்தது. மகள், “சரிதான்ப்பா, ஆனா நீங்க கணக்குப் போட்டுக்கிட்டே இருந்தீங்க” என்றாள். அவள் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். விடை சரியாக வந்தும் அவளுக்கு வியப்பு வரவில்லை. அன்று விருந்தில் அந்த இளைஞர் எதையும் எண்ணியதாகவே எனக்கு நினைவில்லை.

ஜூன் 27, 2024, வியாழன்

மாதக் கடைசி வேலை. பத்து நிமிடம்கூடக் கட்டைத் தொடவில்லை.

ஜூலை 7, 2024, ஞாயிறு

மூன்று வாரமாக ஒரே ஒரு வேலையைத்தான் பழகுகிறேன். மேலே இருக்கும் இரண்டு சீட்டுகளை ஒரே சீட்டுபோலத் திருப்பிக் காட்டுவது. ‘டபுள் லிஃப்ட்’ என்கிறார்கள். இதை வெளிப்படையாக எழுதலாமா என்று தயங்கினேன். தொடக்கநிலைக்காரர்களுக்கான நூல்களில் இது பொதுவாக இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். ஆனால் விருந்தில் அந்த இளைஞர் செய்ததை முழுவதும் அவிழ்த்து எழுத மாட்டேன். அது அவருடைய உழைப்பு.

கட்டை இடது உள்ளங்கையில் வைத்து, ஆள்காட்டி விரலை முன்விளிம்பிலும் மற்ற மூன்று விரல்களை வலப்பக்கத்திலும் கட்டைவிரலை மேலேயும் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே உள்ள இரண்டு சீட்டுகளைக் கட்டைவிரலால் இம்மியளவு தள்ளி, திரும்ப இழுக்கும்போது அவற்றுக்குக் கீழே சுண்டுவிரலின் சதையை நுழைத்து, ஒரு நூலிழை இடைவெளியைப் பிடிக்க வேண்டும். அந்த இடைவெளி முன்னாலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. பிறகு வலக்கை வந்து இரண்டையும் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் திருப்ப வேண்டும்.

விரல்கள் இதற்கெல்லாம் விரைவிலேயே பழகிவிட்டன. இடறுவது என் தொழில் தந்த பழக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக ஈரப் பஞ்சைத் தொட்டுத் தொட்டுத் தாள் எண்ணிய கட்டைவிரல், கட்டின் மூலையைத் தொட்டதுமே ‘ஒன்று, இரண்டு’ என்று தானாக இழுக்கிறது. கூடவே தலையும் இலேசாகக் குனிகிறது. கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தபோதுதான் மகள் சொன்னது எனக்கு முழுவதும் விளங்கியது. வங்கியில் நான் எண்ணுவது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். அவர் என் விரலைப் பார்த்துக்கொண்டே தானும் மனத்துக்குள் எண்ணுவார், அதில்தான் அவருக்கு நம்பிக்கை. இங்கே அதே அசைவு தென்பட்ட மாத்திரத்தில் எல்லாம் கெட்டுவிடுகிறது.

ஜூலை 13, 2024, இரண்டாம் சனி

கனடாவில் 1894இல் பிறந்த சீட்டு வித்தைக்காரர் டாய் வெர்னன் என்பவரைப் பற்றிப் படித்தேன். எந்த வித்தையையும் மூன்று முறை கண்டால் சூட்சுமத்தைச் சொல்லிவிடுவேன் என்று அறைகூவி வந்தவர், விலங்குகளிலிருந்து விடுபட்டுத் தப்பும் வித்தையால் புகழ்பெற்ற ஹூடினி. தம் தொடக்க காலத்தில் ‘சீட்டுகளின் ராஜா’ என்றே விளம்பரம் செய்துகொண்டவர். அவருக்கு 1922இல் சிகாகோவில் வெர்னன் ஒரு சீட்டு வித்தையைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். நடுவே செருகிய சீட்டு ஒவ்வொரு முறையும் மேலே வந்தது. ஹூடினியால் சொல்ல முடியவில்லை. ஒரே வித்தையை ஒரே ஆளுக்கு இரண்டாம் முறை காட்டக் கூடாது என்பது இந்தக் கலையின் பொது விதி. திரும்பக் காட்டுவதற்காகவே அமைந்த ‘ஆம்பிஷஸ் கார்ட்’ என்னும் இந்த வித்தை அதற்கு விலக்கு. விருந்தில் நான் கண்டதும் இதே வகைதான்.

வெர்னன் சிறுவயதிலேயே கரைத்துக் குடித்து, வாழ்நாள் முழுவதும் விடாமல் ஆராய்ந்த நூல் 1902இல் சிகாகோவில் வெளியானது. எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அதன் முற்பகுதி முழுவதும் சூதாட்ட மேசையில் ஏமாற்றும் முறைகள். அதற்குப் பிறகுதான் வித்தைக்கான பகுதி வருகிறது. சீட்டுக் கட்டின் நடுவிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போடக்கூடிய ஒரு சூதாடி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, 1930களின் தொடக்கத்தில் வெர்னன் ஊர் ஊராகத் தேடிச் சென்று, மிஸௌரியில் ஆலன் கென்னடி என்பவரைக் கண்டுபிடித்துக் கற்றுக்கொண்டார்.

அம்மா எழுந்து போனது சும்மா அல்ல. நான் மொட்டைமாடியில் பழகும் அசைவுகளில் பல, மாமாவைப் போன்றவர்களைத் தோற்கடிப்பதற்காக உருவானவையாக இருக்கக்கூடும். எதிரில் இருப்பவரின் சங்கிலியைப் பறிக்கப் பயன்பட்ட கைவேலையை அவரை மகிழ்விக்கப் பயன்படுத்துவது எனக்குச் சிறிய மாற்றமாகத் தோன்றவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை.

ஜூலை 19, 2024, வெள்ளி

உணவு இடைவேளையில் நண்பர்கள் நால்வருக்குக் காட்டினேன். திருப்பும்போது இரண்டு சீட்டுகளும் ஒரு மயிரிழை விலகி, அடியில் இருந்த டைமன் ராணியின் ஓரம் வெளியே தெரிந்துவிட்டது. ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். முதல்முறை இயல்பாகத் திருப்பிய நான், இம்முறை மறைக்க வேண்டியது வந்ததும் வேகம் கூட்டினேன். நான் வேகம் கூட்டிய கணத்தில்தான் நால்வரும் என் கையைப் பார்த்தார்கள்.

ஜூலை 27, 2024, நான்காம் சனி

அர்ஜென்டினாவின் ரெனே லவாண்ட் ஒன்பது வயதில் ஒரு விபத்தில் வலக்கையை இழந்தவர், எஞ்சிய இடக்கையால் மட்டுமே சீட்டுகளைக் கலைத்தும் பிரித்தும் உலகெங்கும் வித்தை காட்டியவர், 2015இல் மறைந்தார். இளமையில் அவர் வங்கி ஊழியராக இருந்தார் என்று படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. அவருடைய பதிவுகளை இன்று மாலை முழுவதும் பார்த்தேன். இதைவிட மெதுவாகச் செய்ய முடியாது என்பார். உடனே அதைவிட மெதுவாகச் செய்து காட்டுவார். பார்க்கிறவருக்கு எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது, சந்தேகப்படத்தான் இடம் இல்லை.

இப்போது நான் இடைவெளி பிடிப்பதைத் திருப்பும் நேரத்தில் செய்வதில்லை. அதற்கு முன்பே, கட்டின் விளிம்புகளைச் சரிசெய்துகொண்டு எதிரில் இருப்பவரிடம் ஏதேனும் கேட்கும் நேரத்தில் முடித்துவிடுகிறேன். கேள்வி கேட்டால் மனிதர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். திருப்ப வேண்டிய வேளை வரும்போது விரலுக்கு எண்ணும் வேலை மீதி இருப்பதில்லை.

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

பனிமய மாதா திருவிழாவுக்கு வந்த உறவினர்களால் வீடு நிறைந்திருந்தது. பிள்ளைகள் கேட்டதால் கூடத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டியதாயிற்று. அம்மா வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் கலைந்த பிறகு அருகில் வந்து அமர்ந்தார். ஒரு சீட்டை எடுங்கள் என்று விரித்து நீட்டினேன்; தொடவில்லை. பெயரையாவது சொல்லுங்கள் என்றதும், யோசிக்காமல், “ஆட்டின் ஏழு” என்றார், அதாவது இதயக் குறியுள்ள ஏழு. சீட்டாட்டம் தெரிந்தவர்கள் சொல்லும் விதத்தில் இருந்தது அது.

ஆட்டின் ஏழைத் தேடி எடுத்துக் காட்டி நடுவே செருகினேன், மேலே வந்தது. அம்மா என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் முறைக்கு இடைவெளி பிடிக்க வேண்டும். விளிம்பைச் சரிசெய்துகொண்டே, “இது மாமாவுக்குப் பிடிச்ச சீட்டாம்மா?” என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கணத்தில் சுண்டுவிரல் தன் வேலையை முடித்துவிட்டது.

அதை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிய ஒன்றை, கையை மறைக்கும் திரையாகவும் பயன்படுத்திக்கொண்டேன். இனி யாரிடமும், வித்தைக்கு நடுவில், அவர்களுக்கு வலிக்கும் இடத்தில் கேள்வி கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஏழைத் திருப்பிக் காட்டி, மீண்டும் கவிழ்த்து, மேல் சீட்டை மெதுவாக நடுவே செருகினேன். அம்மா அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை, பேசத் தொடங்கியிருந்தார். சிறுமியாக இருந்தபோது மழைநாட்களில் மாமா தமக்கும் தம் தங்கைக்கும் கழுதை ஆட்டம் சொல்லிக்கொடுத்தது, ஆட்டின் ஏழு கிடைத்தால் விடாமல் கையிலேயே வைத்துக்கொள்வது, தோணி கொழும்புக்குப் போயிருக்கும் நாட்களில் ஆளில்லாமல் மூன்று கை போட்டு இருவரே ஆடியது, சங்கிலி போன மறுநாள் மாமா திண்ணையைவிட்டு உள்ளே வராதது என்று அரைமணி நேரம் சொன்னார். இவற்றில் ஒன்றும் நான் முன்பு கேட்டதில்லை. நான் கட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேச்சு நின்றதும் அம்மா கட்டைக் காட்டி, “சரிய்யா, அந்த ஏழு எங்க போச்சு?” என்று கேட்டார். நான் கையை எடுத்துக்கொண்டு, மேல் சீட்டை அவரையே திருப்பச் சொன்னேன்.