சிக்காமல் ஏறும் தோட்டாவுக்கு எந்த புல்லட்?

போட்டிக்கான பிஸ்டல் தோட்டாவைத் தாங்களே ரீலோடு செய்கிறவர்கள் (சுட்ட பித்தளை உறையான கேஸில் புதிய பிரைமர், பவுடர், முன்னால் பறக்கும் குண்டான புல்லட் ஆகியவற்றைப் பொருத்துபவர்கள்) முதலில் விசாரிப்பது பவுடரைப் பற்றித்தான். ஆனால் தோட்டா மேகசினிலிருந்து சேம்பருக்குள் (பேரலின் பின்பகுதியில் தோட்டா அமரும் குழி) சிக்காமல் ஏறுமா என்பதில் பவுடரைவிட புல்லட்டின் மூக்குக்குத்தான் பங்கு அதிகம். ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) போன்ற வேகப் போட்டியில் இலக்கில் துளைகள் அரை அங்குலம் நெருங்கி விழுவதால் பெரிய லாபம் இல்லை. ஒரு ஜாம் சில வினாடிகளை விழுங்கிவிடும். ஆகவே ஏறுவது முதலில், துல்லியம் அடுத்து, விலை கடைசியில். கீழே சொல்வதெல்லாம், வேறு பெயர் சொல்லாத இடங்களில், 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு.

எதுவும் தெரியாத பிஸ்டல் என்றால் 124 கிரெய்ன் (புல்லட் எடையின் அலகு) ரவுண்ட் நோஸில் தொடங்குங்கள். உருண்ட மூக்கு ஃபீட் ராம்ப்பில் (தோட்டாவைச் சேம்பருக்கு வழிநடத்தும் சரிவு) எந்தக் கோணத்தில் பட்டாலும் வழுக்கி மேலே போய்விடும். தட்டை முனையும் ஹாலோ பாயிண்டும் (முனையில் குழியுள்ள புல்லட்) இலக்கு அட்டையில் சுத்தமான துளை போடும், துல்லியமும் நன்றாக வரும். ஆனால் அவற்றின் விளிம்பு ராம்ப்பிலோ சேம்பரின் மேல் ஓரத்திலோ முட்டி நிற்க வாய்ப்பு உண்டு. 124 கிரெய்னை வினாடிக்கு 1050 அடி வேகத்தில் செலுத்தினால் பவர் ஃபேக்டர் (எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தது) 130. போட்டியின் மைனர் பிரிவுக்குத் தேவையான 125-ஐ இது தாண்டிவிடும்.

அடுத்தது மொத்த நீளம். 9 மி.மீ. தோட்டாவின் உச்ச நீளம் 29.69 மி.மீ. என்பது தர நிர்ணயம். உங்கள் பேரல் அவ்வளவு இடம் தரும் என்று நம்பிவிட வேண்டாம். சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் (பேரலின் உட்புறச் சுருள் வரிப்பள்ளங்கள்) தொடங்கும் முன் இருக்கும் த்ரோட் பிஸ்டலுக்குப் பிஸ்டல் மாறும். சிஇசட் 75 குடும்பத்தில் அது குட்டை என்று பெயர் வாங்கியது. 1911, 2011 வகை மேகசின்களோ நீளமான தோட்டாவைத்தான் விரும்பும், 29 மி.மீ. பக்கத்தில் வைத்தால் ஒழுங்காக ஏறும். ஒரே எடை, ஒரே ‘ரவுண்ட் நோஸ்’ பெயர் என்றாலும் ஒவ்வொரு தயாரிப்பாளரின் மூக்கு வளைவும் வேறு. அடுத்தவருடைய நீளத்தை அப்படியே எடுத்துக்கொள்வது வீண் வேலை.

உங்கள் நீளத்தைக் கண்டுபிடிக்க டம்மி (வெடிக்காத போலி) தோட்டா போதும். சைஸ் செய்த (டையில் அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்கிய) கேஸில் பிரைமரும் பவுடரும் இல்லாமல் புல்லட்டை நீளமாகவே பொருத்தி, புல்லட் நுழைவதற்காக அகட்டிய கேஸ் வாயின் விரிவை கிரிம்ப் டையில் (வாயை இறுக்கும் அச்சு) நிமிர்த்திவிடுங்கள். பேரலைக் கழற்றி, சேம்பர் மேலே பார்க்கப் பிடித்து டம்மியை உள்ளே விடுங்கள். ‘டொக்’ என்று உட்கார வேண்டும், விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், பேரலைக் கவிழ்த்தால் தானாக விழ வேண்டும். இல்லையென்றால் 0.1 மி.மீ. வீதம் உள்ளே தள்ளி மறுபடி பாருங்கள். மூன்றும் சரியான நீளத்திலிருந்து இன்னும் 0.3 அல்லது 0.4 மி.மீ. குறைத்தால் அதுதான் வேலை நீளம். பிரஸ்ஸில் தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் வித்தியாசம் வரும், கோட்டிங் பூச்சின் தடிமனும் ஒரே சீராக இருக்காது. அந்த இடைவெளி அதற்குத்தான்.

இதை விட்டுவிட்டால் புல்லட் ரைஃப்ளிங்கில் கவ்விக்கொள்ளும். ஸ்லைடு முழுதாக மூடாது. அல்லது மூடிக்கொண்டு, சுடாமல் இறக்கும்போது கேஸ் மட்டும் வெளியே வரும், புல்லட் பேரலிலேயே நிற்கும், பவுடர் உள்ளே கொட்டும். அப்படியானால் பேரலைக் கழற்றிப் பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது.

நீளம் குறைந்தால் கேஸுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். 9 மி.மீ. கேஸ் சிறியது என்பதால் இதன் விளைவு பெரிது. உங்கள் நீளம் ரீலோடிங் கையேட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் அதில் சொன்ன தொடக்கப் பவுடர் அளவிலிருந்து மட்டுமே மேலே போக வேண்டும். புல்லட்டை மாற்றினாலும் இதே விதி.

147 கிரெய்னுக்கு ரசிகர்கள் உண்டு, உதைப்பு மெதுவாக வருவது உண்மைதான். ஆனால் புல்லட் நீளம் என்பதால் அதன் அடி கேஸின் சுவர் தடிக்கும் இடம் வரை இறங்கும். அங்கே கேஸ் வெளிப்பக்கம் புடைத்து, சேம்பரில் பாதியில் நின்றுவிடும். கலந்து பொறுக்கிய கேஸ்களில் இந்தத் தொல்லை அதிகம். உட்புறம் படி வைத்த கேஸ் கிடைத்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள்.

கிரிம்ப் விஷயத்தில் பலரும் இறுக்கினால் நல்லது என்று நினைக்கிறார்கள். 9 மி.மீ. தோட்டா சேம்பரில் கேஸ் வாயின் விளிம்பில்தான் உட்காருகிறது, ஆகவே வாயை உள்பக்கம் சுருட்டும் ரோல் கிரிம்ப் கூடாது. வாயைச் சற்றே ஒடுக்கும் டேப்பர் கிரிம்ப்பின் வேலை வாயின் விரிவை நிமிர்த்துவது மட்டுமே. வாயில் கேலிப்பர் வைத்தால் 9.58 முதல் 9.63 மி.மீ. வரை இருக்கலாம். அதற்கு மேல் இறுக்கினால் செம்புப் பூச்சோ கோட்டிங்கோ வெட்டுப்பட்டு, புல்லட் பக்கவாட்டில் இலக்கில் விழும். புல்லட்டைப் பிடித்து வைப்பது கிரிம்ப் அல்ல, சைஸ் செய்த கேஸின் இறுக்கம். ஒரு டம்மியை அளந்து, மேகசினிலிருந்து நாலைந்து முறை ஸ்லைடை முழு வேகத்தில் விட்டு ஏற்றி, மறுபடி அளந்து பாருங்கள். நீளம் குறைந்துகொண்டே போனால் புல்லட் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. சைஸிங் டையையும் வாய் விரிவையும் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு இடம், பலர் கவனிக்காதது: தடித்த மூக்குள்ள சில புல்லட்கள் மேகசினில் மேலேறும்போது ஸ்லைடு ஸ்டாப்பின் (மேகசின் காலியானதும் ஸ்லைடைத் திறந்து நிறுத்தும் நெம்பு) உட்புற நாக்கை உரசித் தூக்கிவிடும். தோட்டா மீதி இருக்கும்போதே ஸ்லைடு திறந்து நின்றால் மேகசினைத் திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். புல்லட்டைக் கேஸுக்குள் தள்ளும் சீட்டிங் ஸ்டெம் மூக்குக்குப் பொருந்தாவிட்டால் நுனியில் வளையம் பதியும், நீளமும் அலையும்.

.45 ஏசிபி-யில் 200 கிரெய்ன் செமி வாட்கட்டர் (தட்டை முனையும் கூரிய தோளும் கொண்ட புல்லட்) தனி ஜாதி. அங்கே மொத்த நீளத்தைவிட, புல்லட்டின் தோள் கேஸ் வாய்க்கு மேலே ஏறக்குறைய 0.8 மி.மீ. தெரிகிறதா என்பதே கணக்கு.

பெரிய பெட்டி வாங்கும் முன் நூறு புல்லட் சாம்பிள் எடுங்கள். முதலில் டம்மி, பிறகு ரேஞ்சில் முழு மேகசின், ஒற்றைக் கையில், தளர்ந்த பிடியில், அழுக்கேறிய பிஸ்டலில். போட்டிக்குப் போகும் ஒவ்வொரு தோட்டாவும் கேஜில் (சேம்பர் அளவிலான சோதனைத் துளை) இறங்கிப் பார்க்கப்பட வேண்டும். கேஜில் நின்றதைப் பேரலில் போட்டுப் பாருங்கள், அதில் இறங்கினால் பயிற்சிப் பெட்டிக்கு. பேரலிலும் நின்றால் பிரித்துவிடுங்கள்.