ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் ஐந்து வோல்ட் ரிலேயும்

தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் ஒருமுனை மோட்டாரை ஈஎஸ்பி8266 என்னும் சிறு வைஃபை கட்டுப்பாட்டுப் பலகையைக் கொண்டு தானாக இயக்கி நிறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மாடித் தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், பலகையில் சில வரி நிரல், நடுவில் ஒரு ஐந்து வோல்ட் ரிலே தொகுதி என்று தொடங்கினேன். ரிலே என்பது, உள்ளிருக்கும் சுருளில் சிறு மின்சாரம் பாயும்போது காந்த விசையால் இரு முனைகளை இணைத்துப் பெரிய மின்சாரத்தை விடும் சுவிட்ச். ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மோட்டார் ஓடும்போது கிளாம்ப் மீட்டர் ஐந்தரை ஆம்பியர்தான் காட்டியது என்பதால், தாராளமாகத் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பதினோரு நாள் ஒழுங்காக ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலையில் தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. பலகை நிறுத்தச் சொல்லியிருந்தது, ரிலே தொகுதியின் சிவப்பு விளக்கும் அணைந்திருந்தது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை. எம்.சி.பி.யை இறக்கி, கம்பிகளைக் கழற்றி மல்ட்டிமீட்டரை வைத்தபோது, சுருளுக்கு மின்சாரமே இல்லாத நிலையிலும் இரு முனைகளுக்கிடையே இணைப்பு இருப்பதாக அது கூவியது. திருப்புளியின் பிடியால் அந்த நீல டப்பாவை மெல்லத் தட்டினேன். ‘டிக்’ என்று விடுபட்டது. உறையை அறுத்துப் பார்த்தால், கருகிய முனைகளில் ஒன்றில் குழியும் மற்றதில் அதற்கு ஈடான மேடும் இருந்தன.

அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. மோட்டாரோ புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். ரிலே முனை மூடும்போது சில முறை துள்ளித்தான் அடங்கும் என்பதால், அந்தத் துள்ளலில் எழும் பொறியே முனைகளை உருக்கி ஒட்டிவிடுகிறது.

ஆகவே மோட்டார் வேலைக்கான ஏசி-3 பிரிவில் 9 ஆம்பியர் தாங்கும், 230 வோல்ட் சுருள் கொண்ட கான்டாக்டர் (பெரிய சுமைக்கான ரிலே போன்றது) ஒன்றை வாங்கினேன். ரிலே இப்போது அதன் சுருளை மட்டுமே இயக்குகிறது. அசையும் முனைகளே இல்லாத குறைகடத்தி ரிலேயான எஸ்.எஸ்.ஆர். போடலாமே என்றார் நண்பர்; அதுவும் பழுதானால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும், வெப்பத்தகடும் வேண்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

கான்டாக்டர் விடுபடும் ஒவ்வொரு முறையும் பலகை தானாக மீண்டும் தொடங்கியது அடுத்த தலைவலி. சுருள் துண்டிக்கப்படும்போது எழும் மின்னழுத்த எழுச்சியே காரணம். சுருளுக்குக் குறுக்கே 100 ஓம் மின்தடையையும் வீட்டு மின்சாரத்தில் நேரடியாகப் போடத்தக்க எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் தொடராகப் போட்டு, சிறு மின்னழுத்தக் கம்பிகளைத் தள்ளிக் கட்டியபின் அது நின்றது.

நிரலை நம்பியே இருக்க மனம் வராமல், தொட்டியில் சற்று உயரத்தில் இரண்டாவது ஃப்ளோட் ஒன்றை வைத்து, ரிலே சுருளின் ஐந்து வோல்ட்டையே அதன் வழியாகக் கொண்டுபோனேன். பலகை உறைந்து நின்றாலும் ரிலே விடுபட்டுவிடும். கான்டாக்டரே ஒட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று என் மனைவி கேட்டார். வழிவுக் குழாயைத் தென்னை மரத்தடிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன்.